தா நாங் நகரிலே ஒரு மாதக் கணக்கு

தா நாங் நகருக்கு நாம் சென்றது ஊர் பார்க்கும் ஆசையினால் அன்று. வியட்நாம் நாட்டின் நடுப்பகுதியிலே, ஹான் என்னும் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது அந்நகரம். எமது தமக்கையின் மகன் அங்கே ஒன்றரை ஆண்டாக வசித்து வருகிறான். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு, அறையிலிருந்தபடியே கணினி வழியாகக் கணக்கு எழுதுவது அவன் தொழில். மாத வருவாய் 900 டொலர். "இங்கே எல்லாம் மலிவு அம்மா, 500 டொலரோடு இராசா மாதிரி இருக்கலாம்" என்று தாய்க்கு அடிக்கடி சொல்லுவான். வீட்டுக்கு வருவதோ மாதம் 25,000 ரூபாய்தான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே வீட்டை ஈடு வைத்து வாங்கிய கடனொன்று தமக்கையின் தலைமேல் இன்னும் இருக்கிறது.

"தம்பி, 900இலே 500 போனால் மிச்சம் எங்கே? பெடியன் ஏதும் கூடாத பழக்கத்திலே விழுந்திட்டானோ தெரியேல்லை. நீ ஒருக்கால் போய்ப் பார்த்திட்டு வா" என்றார் தமக்கையார்.

தமக்கையின் சொல்லைத் தட்டி எமக்குப் பழக்கமில்லை. 2025 ஓகஸ்ட் மாதத்திலே கல்லூரி விடுமுறையோடு மேலும் சில கிழமை விடுப்புச் சேர்த்து, மனைவியாரின் சீட்டுப் பணம் கைகொடுக்க, இருவருமாகப் பாங்கொக்கிலே விமானம் மாறி அவ்வூர் போய்ச் சேர்ந்தோம். ஆளுக்கு 25 டொலர் கட்டி, 90 நாள் விசாவை இணையத்தின் வழியே முன்னதாகவே பெற்றிருந்தோம். நாம் தங்கியது ஒரு மாதம்.

முதல் நாளிலேயே கணக்கு ஆசிரியனைக்கூடத் திகைக்க வைப்பது அந்நாட்டு நாணயம். ஒரு டொலருக்கு ஏறத்தாழ 26,000 டொங். எமது ரூபாயோ டொலருக்கு 300. ஆகவே ஒரு ரூபாய்க்கு 87 டொங் அளவில் கிடைக்கும். பத்து இலட்சம் டொங் என்றால் 11,500 ரூபாய். இலட்சாதிபதியாகி விட்டோம் என்று மனைவியார் சிரித்தார். சந்தையிலே "ஐம்பது" என்று ஒருவர் விலை சொன்னால் அதன் பொருள் ஐம்பதாயிரம். மூன்று பூச்சியங்களை வாயாற் சொல்லுவோர் இல்லை. இன்னொரு சங்கடம், 20,000 டொங் தாளும் 5,00,000 டொங் தாளும் இரண்டுமே நீல நிறம், இரண்டிலுமே ஹோ சி மின் அவர்களின் முகம். மூன்றாம் நாட் காலையிலே ஒரு கட்டுக் கங்குங் கீரையும் வாழைப்பூவும் வாங்கிய மனைவியார் பெரிய நீலத்தைச் சின்ன நீலமென்று நீட்டிவிட்டு நடந்தார். கீரைக்காரி கடையை விட்டு ஓடிவந்து, கையைப் பிடித்து நிறுத்தி, தாளைத் திருப்பிக் கொடுத்துச் சின்னத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மனைவியாருக்கு வேறு கடையில் கீரை வாங்க மனம் வரவில்லை.

மருமகனின் அறை, மீ கே கடற்கரைக்குப் பின்புறமாய் உள்ள ஆன் துவோங் என்னும் பகுதியிலே இருந்தது. மேனாட்டிலிருந்து மாதக் கணக்கில் தங்க வருவோர் பெரிதும் கூடும் இடம் அது. நான்கு மாடியுள்ள ஒடுங்கிய வீடு. கீழே வீட்டுக்கார அம்மையாரும் மகளும், மேலே வாடகைக்காரர். ஒரு கட்டில், ஒரு மேசை, குளிரூட்டி, சிறிய குளிர்பெட்டி, யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வாடகை மாதம் 65 இலட்சம் டொங். எமது நாணயத்தில் 75,000 ரூபாய். ஒரு மாத வாடகை முற்பணம் வேறு. ஆற்றுக்கு மேற்கே, உள்ளூர்க் குடும்பங்கள் வாழும் தெருக்களிலே இதே அளவு அறையை 40, 45 இலட்சத்துக்கு விசாரித்து அறிந்தோம். வெளியூரார் ஓரிடத்திலே கூடினால் அவ்விடத்து விலை தானாக ஏறும். கடலோசை கேட்பதற்கும் தன்னையொத்தவர் அருகில் இருப்பதற்கும் மாதம் 20 இலட்சத்துக்கு மேல் கொடுத்து வந்தான் என்று கொள்ளலாம்.

வாடகையோடு முடிந்ததா? மின்சாரம் தனி. அரசாங்கத்தின் கட்டணம் படிப்படியாய் ஏறுவது. குறைவாகப் பாவிப்போருக்கு ஓர் அலகு 2,000 டொங் அளவில் தொடங்கும். வாடகை அறைகளிலோ பெரும்பாலும் வீட்டுக்காரர் ஒரே விலை வைத்து விடுவர். இங்கே 4,000. ஓகஸ்ட் மாதத்து வெயிலிலே குளிரூட்டியை இரவு பகலாய் ஓடவிட்டதன் பயன் பத்து இலட்சம் டொங். நாம் எமக்கென எடுத்த சிறிய அறையிலே குளிரூட்டியை அணைத்து யன்னலைத் திறந்து படுத்தோம்; நுளம்பு இருந்தது, ஆயினும் உறங்கினோம்.

வந்த இரவே எமது கடவுச்சீட்டுகளை அம்மையார் வாங்கிப் பொலிசாருக்குப் பதிவு செய்தார். தங்குவோர் விபரத்தை வீடு கொடுப்பவர் அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதன்பின் அவர் எம்மைக் கேட்ட முதற் கேள்வி எமது வயது. நமக்கு இது மரியாதைக் குறைவாய்ப்பட்டது. பின்னரே விளங்கியது, அவர்கள் மொழியிலே 'நான்', 'நீ' என்ற சொற்களுக்குப் பதிலாக அக்கா, தம்பி, அத்தை, பிள்ளை என்ற உறவுப் பெயர்களையே வழங்குகிறார்கள்; வயது தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. மருமகன் அவரைக் 'கோ' என்று அழைப்பான். தகப்பனின் தங்கை என்று பொருள். தன்னைக் 'கொன்' என்பான். பிள்ளை என்று பொருள். யாழ்ப்பாணத்து ஒழுங்கையிலே வளர்ந்தவனுக்கு இது எளிதாகப் பழகியதில் வியப்பில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாதச் செலவிலே மனிதன் தன் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் வல்ல பகுதி அதுவே. தெருவோரத்திலே 'ஃபோ' என்னும் அரிசி நூடில்ஸ் இரசம் ஒரு கிண்ணம் 40,000 முதல் 60,000 வரை. காலையிலே 'பான் மீ' 20,000. இப்பெயரைக் கேட்டதும் நமது பாண் என்று மகிழ்ந்தோம். ஆராய்ந்தால், நமது பாண் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல், அவர்களது 'பான்' பலகார வகைக்கெல்லாம் பொதுவான பழஞ்சொல், அந்த ரொட்டியோ பிரெஞ்சுக்காரரோடு வந்தது. கோப்பி அங்கே நல்ல கடுமையானது. தெருவிலே பிளாஸ்ரிக் முக்காலியில் இருந்து குடித்தால் 15,000 அல்லது 20,000; குளிரூட்டிய கோப்பிச்சாலையில் அதுவே 40,000, 50,000. மருமகன் நாள்தோறும் கோப்பிச்சாலையிலேயே இருந்து வேலை செய்வான். அறையிலே தனியே இருந்தால் சுவர் நெருங்குவது போலிருக்கும் என்றான். அதற்கு மாதம் 12 இலட்சம். இதைச் செலவென்று ஏசுவதா, மருந்தென்று விடுவதா என்று இன்றும் எமக்குத் துணிவில்லை.

நாம் சைவ உணவினர். வியட்நாமிலே பட்டினி கிடக்க நேரும் என்று ஊரிலே பலர் பயமுறுத்தியிருந்தனர். உண்மை வேறு. 'சாய்' என்று எழுதிய கடைகளைத் தேட வேண்டும். பௌத்தரின் மரக்கறிச் சாப்பாட்டுக்கு அதுவே பெயர். ஒரு தட்டுச் சோறும் நாலைந்து கறியும் 30,000 டொங், நம்மூரின் 350 ரூபாய்க்குக் கிட்ட. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் மரக்கறியே உண்பதால் அந்நாட்களில் இடம் கிடைப்பது அரிது. மற்றக் கடைகளில் கீரைப் பிரட்டலிலும் மீன்சாறு ஊற்றி விடுவார்கள். 'சாய்' என்ற சொல்லை அழுத்திச் சொல்லாவிட்டால் தப்ப முடியாது. மனைவியார் விரைவிலே பாக் மீ ஆன் சந்தையில் பாசிப்பருப்பைக் கண்டுபிடித்தார். அரிசி கிலோ 20,000, தேங்காய், கீரை, சோயாக் கட்டி எல்லாம் மலிவு. கறிவேப்பிலை மாத்திரம் ஊரிலிருந்து கொண்டு போனது. கீழ் வீட்டு அடுப்பிலே அம்மையாரின் அனுமதியோடு சமைத்தோம். மூவருக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை இலட்சம் டொங் போதுமாயிற்று. மருமகன் தனியொருவன் கடையிலே உண்டு செலவழித்ததும் அதே ஒன்றரை இலட்சம்.

பணமில்லாமற் கிடைப்பனவும் அவ்வூரில் உண்டு. கடற்கரைக்குக் கட்டணம் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே ஊரார் கூட்டங் கூட்டமாய் வந்து நீந்துகிறார்கள், கிழவரும் குழந்தைகளுமாக. 2013இல் திறந்த டிராகன் பாலத்திலே வார இறுதி இரவுகளில் ஒன்பது மணிக்கு அவ்விரும்புப் பாம்பு நெருப்பும் நீரும் கக்கும். அதைப் பார்ப்பதற்கும் காசில்லை. காசு கொடுத்துப் பார்த்ததிலே ஒன்று, 1919இல் திறக்கப்பெற்ற சாம் சிற்பக் காட்சிச்சாலை, 60,000 டொங். சம்பா நாட்டு மன்னர் நிறுவிய சிவலிங்கங்களும் ஆவுடையார்களும் அங்கே வரிசையாய் இருக்கின்றன. பத்திரவர்மன் என்னும் அரசன் நான்காம் நூற்றாண்டிலே மீ சொன் பள்ளத்தாக்கிலே பத்திரேசுவரருக்குக் கோயில் எடுத்தான். 2025 யூலையிலே குவாங் நாம் மாகாணத்தைத் தா நாங்கோடு இணைத்து விட்டபடியால் அவ்விடமும் இப்போது இந்நகர எல்லைக்குள் அடங்கும். சிவலிங்கத்தின் முன் நின்றபோது மனைவியார் கைகூப்பினார். காவற்காரர் பார்த்துப் புன்னகைத்தார். அக்காட்சிச்சாலையைப் பற்றித் தனியே எழுதலாம். இங்கே கணக்குக்குத் திரும்புவோம்.

மலிவு மலிவு என்று மேனாட்டார் எழுதும் பட்டியல்களிலே ஒரு வரி எமக்குப் பொருந்துவதில்லை. அது விசா. 2023 ஓகஸ்ட் 15 முதல் எந்நாட்டாரும் 90 நாள் விசா பெறலாம் என்பது மெய். தொண்ணூறு நாள் முடிந்தால் நாட்டை விட்டு நீங்கி, புதிய விசாவோடு மீள வேண்டும். ஐரோப்பிய நண்பன் காலையிலே பேருந்தேறி லாவோஸ் எல்லைக்குப் போய் விரைவிலே திரும்பி விடுகிறான். நமது கடவுச்சீட்டுக்கு எல்லாக் கதவும் அவ்வளவு எளிதாய்த் திறப்பதில்லை. மருமகன் விமானம் ஏறிப் பாங்கொக் சென்று, புது விசா வருமட்டும் அங்கே வாடகை கொடுத்துக் காத்திருப்பான். தா நாங் அறைக்கும் அந்நாட்களின் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பயணம் ஒன்றுக்கு 250 டொலர்; மாதத்துக்குப் பங்கிட்டால் 21 இலட்சம் டொங். சுற்றுலா விசாவிலே இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்வோருக்கென்று 2025இல் அந்நாட்டிலே தனி விசா எதுவும் இல்லை. அவ்வாறு வாழ்வோர் பலர். உறுதியான காலடி என்று அதைச் சொல்ல முடியாது என்று அவனிடமே சொன்னோம்.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் தன் கணக்கை எழுதி வைத்திருக்கவில்லை. எனவே ஒரு நாற்பது ஒற்றைக் கொப்பி வாங்கி நாமே எழுதினோம். அறை 65 இலட்சம், உணவு 45, கோப்பி 12, வாடகை ஸ்கூட்டர் 12. இந்நான்கும் கூட்டினால் 134 இலட்சம். அவன் தாய்க்குச் சொன்ன 500 டொலர் இதுவே. மின்சாரம் 10, பெற்றோல் 2, தண்ணீரும் தொலைபேசியும் இரண்டரை, விசாப் பயணம் 21 ஆகியவற்றை அவன் எண்ணவே இல்லை. சேர்த்தால் ஒரு கோடியே 69 இலட்சத்து 50 ஆயிரம் டொங். ஒரு இலட்சத்து 95 ஆயிரம் ரூபாய். ஒரு கல்லூரி ஆசிரியனின் மாதச் சம்பளத்திலே இரண்டு மடங்குக்கு மேல். டொலரிலே ஓய்வூதியம் பெறுபவருக்கு மலிவான நகரம் நமக்கு அத்தனை மலிவில்லை.

அத்தோடு கொப்பியிலே இன்னுமொரு வரி இருந்தது. "கோவுக்கு 20 இலட்சம்." வாடகையும் மின்சாரமும் கொடுத்தபின் இது எதற்கு என்று கேட்டோம். "அது வேறை, மாமா" என்று சொல்லி எழுந்து போய் விட்டான். எமது உள்ளத்திலே சந்தேகம் புகுந்தது. அந்நியப் பிள்ளை, விதி தெரியாதவன். பொலிஸ் பதிவைக் காட்டி மிரட்டி அம்மையார் பணம் பறிக்கிறாரோ? மின்சாரத்துக்கு இரட்டிப்பு விலை வாங்குபவர் இதையும் செய்யமாட்டாரா? சில நாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வழக்கம்போல் மனைவியாருக்கு அடுப்பை ஒதுக்கிக் கொடுத்தார்.

அவர் வீட்டு நிலைமையை மெல்ல மெல்ல அறிந்தோம். மகள் ஒரு தையல் ஆலையிலே வேலை. மிகுநேரமும் சேர்த்து மாதம் 80 இலட்சம் டொங் வரும். 2024 யூலையிலே அரசு விதித்த ஆகக்குறைந்த சம்பளம் அப்பகுதிக்கு 44 இலட்சத்து 10 ஆயிரம். மருமகன் ஓர் அறைக்குக் கொடுப்பது அதனினும் கூட. வீடு கட்டிய வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. வாடகையிற் பெரும்பகுதி அங்கே போகிறது. செப்டெம்பர் 2ஆம் திகதி நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தின் 80ஆம் ஆண்டு நிறைவுக்கு அரசாங்கம் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு இலட்சம் டொங் அன்பளிப்புச் செய்தது. தாயும் மகளும் இரண்டு இலட்சத்தைப் பெற்று, பழமும் பலகாரமும் வாங்கி, எல்லா வாடகைக்காரருக்கும் ஒரு தட்டு அனுப்பினர். எமக்கு வந்த தட்டிலே மரக்கறிப் பலகாரம் மட்டும் பொறுக்கி வைத்திருந்தது.

செப்டெம்பர் 6ஆம் நாள் ஏழாஞ் சந்திர மாதத்துப் பௌர்ணமி. பௌத்தர்கள் பெற்றோரை நினைத்து விகாரைக்குச் செல்லும் நாள் அது. வாசலிலே தாய் உயிரோடிருப்பவர் சட்டையிலே சிவப்பு ரோசாவும், தாயை இழந்தவர் சட்டையிலே வெள்ளை ரோசாவும் குத்தி விடுகிறார்கள். அம்மையார் எம்மையும் கூட்டிச் சென்றார். எமக்கு வெள்ளை, மருமகனுக்குச் சிவப்பு. திரும்பி வரும் வழியிலே ஆற்றங்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தி, அவன் தானாகவே சொன்னான்.

அவ்வாண்டு சனவரி மாத மழையிலே, வழுக்கும் வீதியில் விழுந்திருக்கிறான். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. சத்திர சிகிச்சை செய்து தகடு வைக்க வேண்டும், முன்பணம் கட்டினால்தான் ஆகும் என்றனர். காப்புறுதி இல்லை. உரிய சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியபடியால், இருந்திருந்தாலும் உதவியிராது. செலவு 180 இலட்சம் டொங். அந்த இரவிலே அம்மையார் மகளின் சேமிப்பையும் தம் கையிருப்பையும் திரட்டிக் கொண்டு வந்து கட்டினார். வட்டி இல்லை, எழுத்து இல்லை. பெப்ரவரியிலிருந்து மாதம் 20 இலட்சமாய்த் திருப்பிக் கொடுத்து வருகிறான், நாற்பது மீதி. "அம்மா அறிஞ்சால் உடனே வா எண்டு அழுவா. அதுதான் சொல்லேல்லை" என்றான். சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினான். ஒரு மாதமாக நீளக் கைச் சட்டையே அணிந்திருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம்.

மீதி நாற்பதை நாம் கட்டி விடுவோம் என்றோம். மறுத்து விட்டான். மறுநாள் காலை கீழே சென்று, அம்மையாருக்கு நன்றி சொல்ல முயன்றோம். தொலைபேசியிலே மொழிபெயர்த்துக் காட்டியதைக் கண்ணாடி போட்டு வாசித்து, கையை அசைத்து, சமையலறைக்குள் போய் விட்டார். நாம் அவரைப் பற்றி நினைத்ததைச் சொல்லவில்லை. சொல்லுவதற்கு எமக்கு முகமும் இல்லை.

புறப்படுமுன் கொப்பியிலே புதுப் பக்கம் எழுதினோம். ஒக்டோபரோடு கடன் தீரும். நவம்பர் முதல் ஆற்றுக்கு மேற்கே 42 இலட்சத்துக்கு, சமையலுக்கு இடமுள்ள அறை. உணவு 30. கோப்பிச்சாலை ஒருநாள் விட்டொருநாள். இவ்வாறு மிஞ்சும் 44 இலட்சத்திலே காப்புறுதிக்கு முதலில் ஒதுக்கி விட்டு, வீட்டுக்கு 60,000 ரூபாய் அனுப்பலாம். உதவியவரின் வீட்டை விட்டுப் போவது சரியா என்று மனைவியார் கேட்டார். மருமகனும் அதையே யோசித்துக் கொண்டிருந்தான். அம்மையாரிடம் மகள் மூலம் சொன்னபோது, அறை காலியானால் 70 இலட்சத்துக்கு ஆள் வரும், பிள்ளை தாயின் கடனைப் பார்க்கட்டும் என்றார்.

ஊர் திரும்பித் தமக்கையின் விறாந்தையிலே இருந்து கொப்பியைப் பக்கம் பக்கமாக வாசித்தோம். விழுந்ததை மறைக்கவில்லை. தமக்கையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் கேட்டார்: "அந்த மனுசிக்கு என்ன பிடிக்கும், தம்பி? பனங்கட்டி சாப்பிடுவாவோ?"

அடுத்த கிழமை தபாற் கந்தோரிலே ஒரு பொதி நிறுத்தோம். மூன்று கிலோ. பொதியின் உள்ளிருந்த பனங்கட்டியின் விலையைப் போல் பல மடங்கு தபாற் செலவு. தமக்கையார் ஒன்றும் சொல்லாமல் முந்தானையை அவிழ்த்துக் காசை எண்ணி வைத்தார்.